கம்பவுண்டர் சொன்ன சாட்சி

பொன்னுராஜ் கெட்ட மனுஷன் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். பின்னால் வருவதைக் கேட்டபிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

தேனிக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே ரோட்டோரத்தில் ஒரு சந்தை ஊர். பேர் வேண்டாம், அந்த ஊர் ஆட்கள் பாதிப்பேர் இன்னும் திடமாகத்தான் நடமாடுகிறார்கள். அங்கே ஒரு டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் கம்பவுண்டராக இருந்தவர் பொன்னுராஜ். டாக்டர் பாதி நாள் மதுரையிலேயே கிடப்பார். ஆகவே காய்ச்சலோ கட்டியோ, ஊருக்கு டாக்டர் இவர்தான். அப்பாவுக்கு பஜாரில் மளிகைக்கடை. பொன்னுராஜைக் கல்லாவில் உட்காரவைத்தால் கேட்டவனுக்கெல்லாம் கொசுறு கொடுத்தே கடையைக் காலி பண்ணிவிடுவார் என்று பயந்துபோய்த்தான் அவரை மதுரைக்குக் கம்பவுண்டர் படிக்க அனுப்பினார் அப்பா. எவர் முகத்துக்கு நேரேயும் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாத பிறவி. ஊரே அதை நல்ல குணம் என்றது. அவர் பெண்டாட்டி செல்வமணி மட்டும், “இந்த மனுசனுக்கு முதுகுல எலும்பு வைக்க மறந்துட்டாரு ஆண்டவரு” என்பாள்.

காலரா வந்த வருஷம் தெற்குத் தெருவில் குடிசை குடிசையாக நுழைந்து ஊசி போட்டவர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டிலேயே நின்றார்கள். அதையும் சொல்லவேண்டும், அந்தத் தெருவில் அவர் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். நீட்டினால், “தாகமில்ல” என்பார். சித்திரை மாத உச்சி வெயிலில் தாகமில்லையாம், அடேயப்பா!

தெற்குத் தெருக்காரர்களும் கிறிஸ்தவர்கள்தான். பஜார்க்காரர்களும் கிறிஸ்தவர்கள்தான். ஒரே சபை, ஒரே கூரை, ஒரே பாட்டுப் புத்தகம். பெஞ்சுதான் வேறு. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து நடக்கும். எல்லோரும் பீடத்துக்கு முன்னால் மரக்கிராதியில் முழங்கால் போட, போதகர் அப்பத்தைக் கையில் கொடுத்து, திராட்சை ரசம் இருக்கும் வெள்ளிப் பாத்திரத்தை வாய்க்கு வாய் நீட்டிக்கொண்டே போவார். பாத்திரம் ஒன்றே ஒன்று. முதலில் பஜார் பெஞ்சுகள், கடைசியில் தெற்குத் தெரு. இப்படி வரவேண்டும் என்று எந்தத் தீர்மானமும் எழுதப்படவில்லை. எழுதாமலே நாற்பது வருஷமாக ஒருத்தரும் பிசகாமல் நடந்துவந்தது.

அறுபத்தெட்டில் சுந்தர்ராஜ் என்று ஒரு புதுப் போதகர் வந்தார். முப்பது வயதுகூட ஆகாத ஒல்லி மனுஷன். வந்த மூன்றாம் மாதமே தெற்குத் தெருவுக்கு வீட்டுமனைப் பட்டா கேட்டு, தெற்குத் தெரு ஆட்களையே கூட்டிக்கொண்டு உத்தமபாளையம் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். பிரசங்க பீடத்தில் ஏறினால் ஏலக்காய்த் தோட்டக் கூலியைப் பற்றிப் பேசுவார். “ஜெபத்துல கேக்குறத தாலுகா ஆபீஸ்லயும் கேக்கணும். அங்க ஒரு ஆண்டவரு, இங்க ஒரு ஆண்டவரு இல்ல” என்பார். பஜார் பெஞ்சில் ஆளுக்கொரு இருமல் கிளம்பும். ஆனாலும் பொறுத்துக்கொண்டார்கள். பட்டா சர்க்கார் கொடுப்பது, அதில் இவர்களுக்கு என்ன போயிற்று!

ஒரு திருவிருந்து ஞாயிறு அவர், “இந்த மாசம் பின் பெஞ்சுல இருந்து வாங்க” என்று சொல்லிவிட்டார்.

பின் பெஞ்சுக்காரர்களில் கடைசியாக வந்து முழங்கால் போட்டவள் சங்கிலியம்மாள். சபைப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிற ஆயா. புருஷன் இல்லை, பவுனு என்று பதிமூன்று வயதில் ஒரு மகள். மிச்சம் இருந்த இடத்தில், அவளுக்கு அடுத்தபடியாக, சபைக் கமிட்டித் தலைவர் வைகுண்டராஜ் வந்து முழங்கால் போடும்படி ஆகிவிட்டது. பாத்திரம் அவளிடமிருந்து நேராக அவரிடம் வந்தது. அவர் உதட்டை மூடிக்கொண்டு பாத்திரத்தில் நெற்றியை மட்டும் தொட்டுக்கொண்டார். பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த பொன்னுராஜ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தானும் உதட்டை மூடிக்கொண்டார்.

அன்று மத்தியானமே வைகுண்டராஜின் ஏலக்காய் மண்டி மாடியில் கமிட்டி கூடிவிட்டது. போதகருக்குச் சொல்லவில்லை.

“நாம யாரையும் ஒதுக்கல” என்று ஆரம்பித்தார் வைகுண்டராஜ். “கிறிஸ்தவன் அப்பிடிச் செய்யலாமா? சுகாதாரம், அம்புட்டுத்தேன். மதுரையில பெரிய சபையில எல்லாம் ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் வந்துருச்சாம்ல. என்ன பொன்னுராஜு, நீ கம்பவுண்டரு. ஒரே பாத்திரத்துல வாய் வச்சா நோய் ஒட்டுமா ஒட்டாதா?”

“ஒட்டலாம்ண்ணே.”

“சும்மா ஒட்டும்னு சொன்னா போதகரய்யரு விடமாட்டாரு. அந்தச் சங்கிலி இருமிக்கிட்டே இருக்காளே, ஒங்கிட்டத்தான மருந்து வாங்குறா?”

“அது அடுப்புப் பொகைண்ணே. பள்ளிக்கூடத்துல பச்ச வெறகப் போட்டு…”

“பொகையோ என்ன எழவோ. சபைக் கூட்டத்துல எந்திரிச்சு, நெஞ்சு நோய்னு ஒரு வார்த்த சொல்லிரு.” அவர் எழுந்து வந்து பொன்னுராஜின் தோளில் கை போட்டார். “நம்ம சொர்ணலதா கல்யாணத்த வர்ற தையில வச்சுக்கிருவோமா? தம்பிகிட்டப் பேசிட்டேன்.”

சொர்ணலதா பொன்னுராஜின் ஒரே மகள். வைகுண்டராஜின் தம்பி மகனுக்கு அவளைக் கேட்டு, பேச்சு ஒரு வருஷமாக இழுத்துக்கொண்டே கிடந்தது. செல்வமணி அதை நினைத்து உபவாசம் இருக்காத வெள்ளிக்கிழமை இல்லை. பொன்னுராஜ் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் காப்பி குடித்தார்கள்.

சபைக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். பின் பெஞ்சில் சங்கிலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “சங்கிலியம்மாள் ரெண்டு மாசமா இருமலுக்கு மருந்து வாங்குது. காசநோய் மாதிரித் தெரியுது. ஒரே பாத்திரத்துல குடிக்கிறது சபைக்கு நல்லதில்ல.”

“சளிய டெஸ்ட் செஞ்சு பாத்தீங்களா?” என்று கேட்டார் போதகர்.

இங்கேயாவது நின்றிருக்கலாம். ‘இன்னும் இல்லை ஐயா’ என்றால் போதும், பாதிப் பொய்யோடு தப்பித்திருக்கலாம்.

“செஞ்சாச்சு ஐயா” என்றார் பொன்னுராஜ்.

அடுத்த மாதமே மதுரையிலிருந்து பலகைத் தட்டில் அறுபது சின்னக் கண்ணாடிக் கிளாஸ் வந்து இறங்கியது. அறுபதில் ஒன்றின் அடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தார்கள். அது யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை. வருஷம் முடிவதற்குள் போதகர் சுந்தர்ராஜை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். தையில் சொர்ணலதாவின் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

பொன்னுராஜ் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. காசநோய்க்காரி கையால் சமைத்ததை எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போடுவார்கள்? சபைக் கூட்டம் முடிந்த ஒரே வாரத்தில் சங்கிலியம்மாளை அடுப்படியை விட்டு நிறுத்திவிட்டார்கள். இருபது வருஷம் மருந்து கலந்த மனுஷனுக்கு இது தோன்றவில்லை. பாத்திரத்தைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார், பானையை மறந்துவிட்டார்.

வேலை போன மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். திட்டுவதற்கு வருகிறாள் என்று நினைத்துப் பொன்னுராஜ் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“அய்யா, என்னையக் காப்பாத்திவிடுங்க. நாஞ் செத்தா பவுனுக்கு ஆருமில்ல. எம்புட்டுக் கசப்பு மருந்துனாலும் குடிச்சுப்புடுறேன்.”

அவள் நம்பிவிட்டாள்! ஊரில் வேறு எவர் நம்பினாரோ இல்லையோ, கம்பவுண்டர் சொல்லில் முழு நம்பிக்கை வைத்தவள் அவள் ஒருத்திதான். அந்த நிமிஷத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பொன்னுராஜ் என்ன செய்தார் தெரியுமா? சத்து மாத்திரையை எண்ணிப் பொட்டலம் கட்டி, “காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூணு மாசத்துல சரியாயிரும்” என்று நீட்டினார். இதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு இருக்க முடியுமா? அவருக்கே தெரியும், இருக்க முடியாது என்று.

அடுப்புப் புகை இல்லாமல் போனதால் இருமல் தானாக நின்றது. கம்பவுண்டரய்யா மாத்திரையில் குணமாகிவிட்டது என்று சங்கிலியம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போக ஆரம்பித்தவள், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கூடை திராட்சையை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவாள். “எங்கன இருந்தாலும் ஒங்க பேரச் சொல்லித்தான்யா ஜெபம் பண்ணுறேன்” என்பாள். அந்தத் திராட்சையில் ஒன்றைக்கூடப் பொன்னுராஜால் வாயில் வைக்க முடியாது. செல்வமணி பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். அவர் கொல்லைக்குப் போய்விடுவார். தெற்குத் தெருவில் யாருக்காவது ஊசி போடவேண்டும் என்றால், அவள் வீட்டைத் தாண்டவேண்டுமே என்று வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு போவார். இப்படி எட்டு வருஷம்.

எழுபத்தாறில் ஒரு நாள் கடமலைக்குண்டிலிருந்து கருத்தக்கண்ணன் என்று ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவரும் சபைக்காரர், சங்கிலியம்மாளின் சாதிசனம். மகனுக்குப் பவுனைப் பேசியிருக்கிறார். “அய்யா, பொண்ணு லெச்சணமா இருக்கு. ஆனா அது ஆத்தாளுக்கு நெஞ்சு நோய்ண்டு சொல்றாக. பிள்ளைக்கும் இருக்குமோண்டு வீட்டுல பயப்படுறாக. நெசமா?” என்றார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. தாராளமாக் கட்டலாம்” என்றார் பொன்னுராஜ்.

“இப்ப இல்லங்குறீக. ஆனா சபையில எந்திரிச்சு நோய்ண்டு சொன்னது நீங்கதானாமே?”

பொன்னுராஜ் திரும்பி மருந்துப் பாட்டில்களை இடம் மாற்றி வைக்க ஆரம்பித்தார். அந்த மனுஷன், “சரிங்கய்யா, நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் இதே பேச்சில் தட்டிப்போயிருந்ததைப் பொன்னுராஜ் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டார். தன் மகளுக்கு ஒரு கல்யாணம் வாங்கியவர், அவள் மகளுக்கு மூன்று கல்யாணத்தைக் கெடுத்திருந்தார்.

மறுநாள் காலையில் வாய்க்கால் கரையைச் சுற்றாமல் நேரே தெற்குத் தெருவுக்குள் போனார். சங்கிலியம்மாள் பதறிப்போய் நார்க்கட்டிலைத் தட்டிப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“ஒனக்கு நோய் இருந்ததே இல்ல” என்றார். “அன்னைக்கு நான் சொன்னது பொய். டெஸ்டும் செய்யல, ஒண்ணும் செய்யல.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “தப்பாப் பாத்துட்டீகளாக்கும்?”

“இல்ல. தெரிஞ்சே சொன்னேன்.”

“அப்ப நீங்க குடுத்த மாத்திர?”

“சத்து மாத்திரை.”

சங்கிலியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “மூணு மாசம் தின்னேனேய்யா. ஒவ்வொரு மாத்திரையவும் ஜெபம் பண்ணிப் பண்ணித் தின்னேன்.”

பொன்னுராஜ் அழுதுவிட்டார். ஐம்பத்திரண்டு வயது ஆள், தெருவே பார்க்க நின்று விம்மினார். அவள் அழவில்லை. உள்ளே போய் ஒரு பெரிய காக்கி உறையை எடுத்து வந்தாள். கூலிக்காசைச் சேர்த்துவைத்து, மதுரைக்குப் போய் நெஞ்சைப் படம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, குணமாகிவிட்டது பாருங்கள் என்று பஜாரில் பதினாலு வீட்டு வாசல் ஏறியிருக்கிறாள்.

“வைகுண்டராஜ் அய்யாகூட வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாக. நல்லதும்மான்னாக. ஆனா கிளாஸ மட்டும் மாத்தல. நோய்னா ஆருக்குமே பயம் இருக்கத்தான செய்யும், பிள்ளகுட்டிக்காரக, அவுகளக் குத்தஞ் சொல்லக்கூடாதுண்டு பவுனுகிட்டச் சொல்லுவேன்.” உறையை மடியில் வைத்துக்கொண்டாள். “இங்கன வந்து எங்கிட்டச் சொல்லி என்னத்துக்குய்யா ஆகும்? கோயில்ல சொன்னத கோயில்ல சொல்லுங்க. கடமலைக்குண்டுக்காரகளையும் வரச் சொல்றேன். அவுக பயம் தெளிஞ்சுட்டா எல்லாம் சரியாப் போகும்.”

சொல்வதாக ஒப்புக்கொண்டு வந்தார். செல்வமணியிடம் சொன்னார். “மக வீட்டுல என்ன நடக்குமோ” என்றாள். பிறகு, “இந்தத் தடவையாச்சும் சொவத்தப் பாத்துச் சொல்லாதீக” என்றாள்.

திருவிருந்து ஞாயிறு வந்தது. கருத்தக்கண்ணன் பெண்டாட்டியோடு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சங்கிலியம்மாள் வெளுத்த சேலை கட்டி, பவுனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு. இன்னும் கால்மணி நேரத்தில் எட்டு வருஷக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவளின் முகம் அது. அறிவிப்பு நேரத்தில் பொன்னுராஜ் எழுந்தார். அவள் பக்கம் திரும்பியே பேசினார்.

“சங்கிலியம்மாளுக்குக் காசநோய்னு அறுபத்தெட்டுல இந்த எடத்துல நின்னு சொன்னேன். அது பொய். அவுகளுக்கு நோய் இருந்ததே இல்ல. தெரிஞ்சே சொன்னேன். அதனால அவுக வேலை போச்சு, மக கல்யாணம் தள்ளிப்போச்சு. ஆண்டவரும் அவுகளும் என்னைய மன்னிக்கணும்.”

உட்காராமல் நின்றார். சபை கொந்தளிக்கும், யாராவது எழுந்து காறித் துப்புவார்கள், மருமகன் வீட்டார் அடிக்க வருவார்கள் என்று நினைத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. முன் பெஞ்சில் வைகுண்டராஜ் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, சலிப்போடு திரும்பினார்.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானய்யா பொன்னுராஜு. இத இன்னைக்குப் புதுசாச் சொல்லணுமாக்கும்? ஒக்காரு, நேரமாகுதுல்ல.”

யாரோ இரண்டு பேர் லேசாகச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புக்கூட இல்லை, பந்தியில் சோறு பரிமாற நேரமானால் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. பஜார் பெஞ்சுகளில் ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எட்டு வருஷமாகத் தான் ஒருவனே சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பொய்யை அத்தனை பேரும் தெரிந்தேதான் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுராஜ் பின் பெஞ்சைப் பார்த்தார். சங்கிலியம்மாளின் முகத்தில் இருந்த தெளிவு போயிருந்தது. பதினாலு வீட்டுக்காரர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருவரும் அவள் கண்ணுக்கு நேரே கண் கொடுக்கவில்லை. பிறகு மகள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

பொன்னுராஜும் பின்னாலேயே ஓடினார். வாசலில் வேப்பமரத்தடியில், அதற்குள் எழுந்து வந்துவிட்ட கருத்தக்கண்ணன் அவளிடம் நல்ல வார்த்தை பேசிக்கொண்டிருந்தார். “நோயில்லண்டு தெரிஞ்சுபோச்சு, அப்பறம் என்னத்தா, வர்ற ஆவணியில வச்சுக்கிருவோம்.” அவள் தலையை ஆட்டினாள். பவுனு கல்யாணம் அப்படித்தான் நிச்சயமானது. அதற்காகப் பொன்னுராஜ் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

அவர்கள் நகர்ந்ததும் கிட்டப் போனார். “சங்கிலியம்மா” என்றார்.

“சொல்லச் சொன்னது நாந்தேன். ஒங்க மேல குத்தமில்ல” என்றாள். “ஆனா அய்யா, நோய்க்குப் பயந்தாகண்டு நெனச்சுக்கிட்டு எட்டு வருசம் இவுக பின்னால ஒக்காந்து பாடிட்டேன். பயந்த மனுசர மன்னிக்கலாம். இனிமே என்னத்த நெனச்சுக்கிட்டு இங்கன வந்து ஒக்காருறது?”

அவள் தலையில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு தெற்குத் தெருப் பக்கம் நடந்தாள். பின் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்து அவள் பின்னால் போனார்கள். கிழவிகள்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே கிளாஸ் தட்டைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஜன்னல் வழியே வைகுண்டராஜ் கூப்பிட்டார். “ஏய் பொன்னுராஜு, என்ன அங்கனயே நின்னுட்ட? ஒனக்காகத்தான் நிக்கிறோம், உள்ள வா.”

பொன்னுராஜ் உள்ளே போனார். கிராதியில் முழங்கால் போட்டு, தனக்கு நீட்டிய கிளாஸை வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார். அன்றைக்கு எதற்காக உள்ளே போனேன் என்று செல்வமணியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கூப்பிட்டார்கள், போனீர்கள் என்று அவளும் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.